இன்னொரு ஓல்ட் சாப்

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் முதலாளி ரூடி ப்ருன்னர் இரண்டு கிளாஸில் வெள்ளை வைன் ஊற்றி, ஒன்றை மகேந்திரன் கையில் திணித்தார். “இனி என்னைப் பேர் சொல்லியே கூப்பிடு. நான் ரூடி” என்றார். சுவிஸ்காரர் ஒருவர் தன்னிடம் வேலை செய்பவனைச் சிநேகிதனாக ஏற்றுக்கொள்வது இப்படித்தான். மூத்தவர் கேட்பார், இளையவன் பேரைச் சொல்லிக் கிளாஸைத் தட்டவேண்டும். ஊஸ்டரில் அந்த உணவகத்துச் சமையலறையை விரல்நுனியில் வைத்திருந்த மகேந்திரனுக்கு இது தெரியாததல்ல. தட்டினான், குடித்தான், வாயைத் துடைத்துக்கொண்டு, “நன்றி, ஹெர் ப்ருன்னர்” என்று பழையபடி ‘திரு’ போட்டே சொன்னான்.

ரூடியின் முகம் சுண்டிப்போனது. இத்தனை வருடமும் ‘மகி’ என்று கூப்பிட்ட வாய், மறுநாள் ‘ஹெர் மகேந்திரன்’ என்றது. சூப்புப் பானையை இருவரும் ஆளுக்கொரு காது பிடித்து இறக்குவதுதான் வழக்கம். இப்போது ரூடி தனியாகவே தூக்கினார், இடுப்பை நிமிர்த்தமுடியாத நாரி நோவோடு.

வேலை போய்விடுமென்ற பயமெல்லாம் மகேந்திரனுக்கு இல்லை. அவன் கைக்கு எந்தச் சமையலறையும் கதவு திறக்கும். ஆனால் ரூடி போய்விட்டால் இன்னொரு ரூடிக்கு எங்கே போவது? அதுதான் நெஞ்சை அறுத்தது.

“பேரைச் சொன்னா வாய் வெந்திடுமோ?” என்றாள் மனைவி தயாநிதி.

“என்னைவிட எவ்வளவு மூப்பு அந்த மனுசன்! அண்ணை எண்டு சொல்லலாம், அவருக்கு விளங்காது.”

“குகதாசன் அண்ணையும் மூப்புத்தானே. அவரை எப்பிடிக் கூப்பிட்டனீங்கள்?”

அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்த காலத்தில், கொழும்புக் கம்பனியில் வெள்ளைக்காரத் துரைமாரிடம் பிடித்துக்கொண்டு வந்த ‘ஓல்ட் சாப்’பைக் குகதாசன்தான் மகேந்திரனுக்குக் கொடுத்தார். ‘பழைய தோழா’ என்கிற மாதிரி, இங்கிலாந்திலேயே வழக்கொழிந்த விளிப்பு அது. அதில் மூப்பு இளமை கிடையாது, மரியாதைக் குறைவும் கிடையாது. “ஓல்ட் சாப், தேத்தண்ணி குடிப்பமோ?” என்று ஒருவரையொருவர் கூப்பிட்டே பாதி ஆயுள் போனது. 2013இல் குகதாசன் கண்ணை மூடியபின் அந்தச் சொல்லை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் இன்னொருமுறை செத்துப்போவார் என்று பட்டது.

“அந்த மனுசன் இருந்தா, அந்தச் சொல்லை வைச்சுப் பூட்டாதை எண்டுதான் சொல்லியிருப்பார்” என்றாள் தயாநிதி.

மறுநாள் காலை ரூடி குனிந்து, பானையின் இரண்டு காதுகளையும் பற்றிக்கொண்டிருந்தார். பானை அடுப்பைவிட்டு எழும்பிப் பக்கவாட்டில் சரிந்தது. மகேந்திரன் பாய்ந்து ஒரு காதைப் பிடித்தான்.

“பொறுங்கோ, ஓல்ட் சாப்!”

தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. ரூடி திரும்பிப் பார்த்தார். “என்ன சொன்னீர்கள்?”

“என் சிநேகிதன் ஒருவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் இப்போது இல்லை. உங்கள் பேர் என் வாய்க்கு வராது, ஆனால் இது வரும்” என்றான் மகேந்திரன் ஜெர்மனில், தலை நிமிர்ந்து. “நீங்களும் என்னை அப்படியே கூப்பிடவேண்டும்.”

ரூடி உதட்டைக் கூட்டிப் பார்த்தார். “ஓல்ட்… ஷாப்.”

“ஷாப் இல்லை. சாப்.”

“ஓல்ட் சாப்.”

மூன்று வருடத்துக்குப் பிறகு, குகதாசனின் குரல் இல்லாமல் அந்தச் சொல். “இன்னொருக்கால்” என்றான் மகேந்திரன். சூப்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு காதைப் பிடித்தபடி, கீழே வைக்காமல் இருவரும் நின்றார்கள்.