கிழக்கு வீட்டார்

சங்கரன்கோவிலில் எங்கே கையெழுத்து இயக்கம் நடந்தாலும் மைக் என் கையில்தான் இருக்கும். சலாவுதீன் பேசினால் கல்லும் கரையும் என்பார்கள். கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன். என் பக்கத்து வீட்டு முகம்மது மைதீன் கலவர வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று உள்ளே போய் இருபத்தாறு வருடம் ஆகிறது. நீண்டகால அரசியல் கைதிகளை விடுதலை செய் என்று பஸ் ஸ்டாண்டிலும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்னாலும் நின்று நான் வாங்கிய கையெழுத்து நாலாயிரத்துக்குக் குறையாது.

விடுதலை வராவிட்டாலும் பரோலாவது கிடைக்கட்டும் என்று மனுப் போட்டோம். அவன் உம்மா படுத்த படுக்கை. மகனை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார். பரோல் கொடுக்கும் முன் நன்னடத்தை அலுவலர் தெருவுக்கு வருவார். இவன் இங்கே வந்து தங்கினால் ஆட்சேபனை உண்டா என்று இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் கேட்டு எழுதி வாங்குவார்.

ஜெஸ்லின் என்ற அந்த அலுவலர் என் வீட்டுக்கு வந்த வாரம், என் மகனின் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரவிருந்தது. துபாயில் அவனுக்கு வேலை தயார். அவர் கேட்டது ஒரே ஒரு வரி, கீழே பெயரும் கையெழுத்தும். பயப்படாதீங்க, ஒரு கையெழுத்துதானே என்று நாலாயிரம் பேரிடம் சொன்ன வாய் இது. "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம், வேற யார்ட்டயாவது கேளுங்க" என்றது. ஊருக்குத்தான் உபதேசம். அவர் என்னைப் பார்த்தார். என் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் போஸ்டரையும் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

பரோல் மறுக்கப்பட்டது. உத்தரவை எடுத்துக்கொண்டு மைதீனின் தங்கை மைமூனம்மாள் என் துணிக்கடைக்கு வந்தாள். கையெழுத்து இயக்கக் குழுவில் ஐந்து பேரும் கூடியிருந்தோம். அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் சத்தமாகப் படிப்பவன் நான்தான். படித்துக்கொண்டே வந்தேன். 'மேற்கு வீட்டு குருசாமி ஆட்சேபனை இல்லை என எழுதிக் கொடுத்துள்ளார். கிழக்கு வீட்டார் கருத்துக் கூற மறுத்துவிட்டார்.' கண் அந்த வரியைப் பார்த்தது; வாய் குருசாமி பெயரையும் சேர்த்துத் தாண்டிப் போய்விட்டது. அக்கம்பக்கத்தாரின் ஒப்புதல் முழுமையாகக் கிடைக்காததால் மனு நிராகரிக்கப்படுகிறது என்று முடித்தேன்.

குழுவிலேயே சூடான அல் அமீன் எழுந்துவிட்டான். குருசாமி அண்ணாச்சிதான் கெடுத்திருப்பார், போய் நாலு கேள்வி கேட்போம் என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல மனிதர் வீட்டுக்கு ஐந்து பேர் சண்டைக்குப் போவதைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது.

"உக்காரு அமீனு," என்றாள் மைமூன். "அண்ணே, நடுவுல ஒரு வரிய விட்டுட்டீய. நான் வீட்லயே படிச்சிட்டுத்தான் வாரேன்."

படித்தேன். இந்த முறை கிழக்கு வீட்டாரையும் விடவில்லை. வெட்கத்தில் காது எரிந்தது. ஒருவராவது காறித் துப்பியிருந்தால் தேவலை. மகனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மைமூன் கையைக் காட்டி நிறுத்தினாள். அடுத்த மனுவை இப்போதே எழுதிவிடச் சொன்னாள். எனக்குத்தான் நன்றாக எழுத வருமாம். குரலில் கோபமே இல்லை.

பேனாவை எடுத்து, வழக்கம்போல் எங்கள் தெருவின் விலாசத்தை எழுதினேன்.

"அது வேண்டாம்ணே. வாசுதேவநல்லூர்ல என் மாமியா வீட்டு விலாசத்தப் போடுங்க. அங்கன ரெண்டு பக்கத்து வீட்டுக்காரவுகளும் கையெழுத்துப் போடுதோம்னு சொல்லிட்டாவ. உம்மாவ வேன்ல படுக்க வச்சிக் கூட்டிட்டுப் போயிருதேன்."

மைதீன் பிறந்த வீட்டின் கதவு எண்ணை என் கையாலேயே அடித்துவிட்டு, வாசுதேவநல்லூர் என்று எழுதினேன்.