டீம் வண்டியில் பின் சீட்டு கிடையாது

எங்கள் வீட்டுக்காரர் பந்தய வண்டி செய்த கதையை இந்தப் பக்கத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் பட்டறைகளில் ஒரு விதம், பால் சொசைட்டியில் இன்னொரு விதம். இரண்டிலும் நான் கொஞ்சம் பைத்தியமாக வருகிறேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் சென்னிமலை. ஆறு ஏக்கர் கிணற்றுப் பாசனம், நான்கு எருமை, மீதி நேரமெல்லாம் ஓய்வு. நான் மயிலம்மாள், ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒன்றியப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒன்பதரைக்கு மணி அடிக்கும். எங்கள் ஊர் வழியாகப் போகும் டவுன் பஸ் ஒன்றே ஒன்றுதான். அது வந்தால் ஒன்பதுக்கு வரும், வராவிட்டால் நடை. தலைமையாசிரியர் தண்டாயுதபாணி மணி அடித்த கையோடு வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, என் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார். அவ்வளவு கடமை உணர்ச்சிக்கும் காரணம் இருந்தது. அவருடைய மைத்துனி மகள் கொல்லிமலையில் டீச்சர். கீழே இருக்கிற யாராவது ஒருத்தி மேலே போனால்தான் அவள் கீழே வர முடியும். அந்த ஒருத்தி நான்தான் என்று அவர் முடிவு செய்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"மலைக்காத்து ஒடம்புக்கு ரொம்ப நல்லதுங்க டீச்சர்" என்பார், கோடு போட்டுக்கொண்டே.

எண்பத்து மூன்றாம் வருடம் தை மாதம், என் வீட்டுக்காரர் சேலம் போய் ஒரு பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். வாங்கியது எனக்காக. இதை இப்போது அவர் மறுக்கிறார், மறுக்கட்டும். ஓமலூர்ப் பால்காரர் ஒருவர் வைத்திருந்த வண்டி அது. கேன் மாட்டக் கொக்கி, நீளமான சீட்டு, மேலே பால்காரரே அடித்த அலுமினியப் பெயிண்ட். பார்க்க அழகில்லை, ஆனால் உதைத்தால் கிளம்பியது. பதின்மூன்று நாள் என்னைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். பதின்மூன்று நாளும் மணிக்குப் பத்து நிமிடம் முன்பே நான் கையெழுத்துப் போட்டேன். தண்டாயுதபாணியின் சிவப்புப் பேனா காய்ந்து போயிற்று. என் கல்யாண வாழ்க்கையில் அந்தப் பதின்மூன்று நாளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

பதினாலாம் நாள் செயின் தளர்ந்திருக்கிறது என்று மணியனிடம் போனார்.

மணியன் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு வேலை பார்க்கிற மெக்கானிக். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். செயினை இழுத்துக் கட்டிவிட்டு அனுப்பியிருந்தால் அவனுக்கு இன்றைக்கும் என் வீட்டில் சோறு உண்டு. அவனோ வண்டியைச் சுற்றி வந்தான், பெயிண்டைச் சுரண்டினான், சட்டத்தில் இருந்த வெல்டிங்கைத் தடவினான்.

"மாமா, இது ரோட்டு வண்டியே இல்லீங்க. சேத்துலயும் மேட்டுலயும் குதிச்சு ஓட்டற பந்தய வண்டிங்க. மோட்டோகிராஸ்ம்பாங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. பக்கத்து சலூன் சுவரில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் பத்திரிகைத் தாள் ஒன்றைப் பசையோடு உரித்துக்கொண்டு வந்து காட்டினான். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மண்மேட்டுக்கு மேலே ஆகாயத்தில் ஒரு ஜாவா, அதன்மேல் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள், முன்னால் பதினாலு என்று நம்பர். கீழே எழுதியிருந்ததில் பாதி சலூன் சுவரோடு போய்விட்டது. ஏதோ பெங்களூர் டீம் என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

அன்று சாயங்காலம் வண்டி வீட்டுக்கு வரவில்லை. அவர் மட்டும் வந்தார், படத்தோடு.

"மயிலு, இது டீம் வண்டி புள்ள. இதை அச்சு அசலா அந்த டீம் வண்டியாட்டவே பண்ணிப் போடறேன் பாரு."

"பண்ணுங்க. நாளைக்கு என்னை ஆருங்க கொண்டு போயி உடறது?"

"ஒரு வாரம் பொறுத்துக்கோ."

அந்த ஒரு வாரம் ஆடி மாதம் வரைக்கும் போயிற்று.

முதலில் போனது பின் சீட்டு. படத்தில் ஒரே ஆள் உட்காரும் சீட்டுதான் இருந்தது. அடுத்து, பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பி. அதற்கப்புறம் ஹெட்லைட், ஹாரன். புதுப்பிப்பது என்றால் ஏதாவது சேர்ப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வண்டியை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்.

"பின்னால ஒரு மெத்தையாச்சும் கட்டி வெய்யுங்க. நான் எப்படியோ தொத்திக்கறேன்" என்றேன்.

"டீம் வண்டியில பொண்டாட்டிய உக்கார வெச்சுட்டுப் போற படம் எங்கியாச்சும் பாத்திருக்கறயா?"

நான் எந்தப் படமும் பார்த்ததில்லை. அவரும் அந்த ஒன்றைத்தான் பார்த்திருந்தார். அதுதான் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தனி ஆணியில் தொங்கியது. அதில் முன் மட்கார்டில் ஒரு விரிசல் தெரிந்தது. மணியனை விட்டு நல்ல மட்கார்டில் அதே இடத்தில் விரிசல் போட வைத்தார். டேங்கில் டீமின் பெயர் எழுதியிருந்தது. ஓட்டுகிறவரின் முழங்கால் மறைத்தது போக எஸ், பி, ஈ என்று மூன்று இங்கிலீஷ் எழுத்துதான் தெரிந்தது.

"ஸ்பீடுன்னு ஏதாச்சும் இருக்குமுங்க. மிச்சத்தை நான் எழுதித் தரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாததை எழுதப்படாது. படத்துல இருக்கறதுதான் அசல்."

மூன்றெழுத்தை மட்டும் அழகாக எழுதி, முழங்கால் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார்கள். டேங்கின் வலப்பக்கம் படத்திலேயே இல்லை. அதனால் அங்கே ஒன்றுமே எழுதவில்லை.

நிறம்தான் பெரிய சிக்கலாகிவிட்டது. படத்தில் டேங்க் சாம்பலாக இருந்தது. மணியன் சிவப்பு என்றான். இவருக்கும் சிவப்பு மேல்தான் ஆசை, ஆனால் டீம் விஷயத்தில் ஆசைப்படி நடக்கலாமா? கிணறு வெட்டுவதற்கும் வரன் முடிப்பதற்கும் எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள், மாரியம்மன் கோயிலில் பூ கேட்டார்கள். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டிச் சாமி முன்னால் போட்டால் பூசாரி ஒன்றை எடுப்பார். செவ்வரளி வந்தால் சிவப்பு அடிக்கலாம், வெள்ளரளி வந்தால் கூடாது. யாருக்கோ ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு அவர் மிகவும் பயபக்தியோடு எடுத்தார். வெள்ளை வந்தது.

"சாமிக்குச் சரியா வெளங்கலையாட்டத் தெரியுதுங்க. இன்னொருக்கா எடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுபடியும் வெள்ளை. மூன்றாம் தரம் சிவப்பு வந்தது. மூன்றாவது கேட்டதுதான் செல்லும் என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார்கள். பெங்களூர் டீமின் நிறத்தை எங்கள் ஊர் மாரியம்மன் இப்படித்தான் முடிவு செய்தாள். மணியன் மறுநாளே ரிக் லாரிக்கு அடித்து மிஞ்சிய சிவப்பைக் கொண்டு வந்தான்.

இதற்கு நடுவே, அந்தப் பத்திரிகை ஆபீஸுக்கு என்னை இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத வைத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து பெங்களூரிலிருந்து, டீமை நடத்தியவரே ஒரு கார்டு போட்டிருந்தார். நான்தான் படித்துச் சொன்னேன். டேங்க் பச்சை நிறம். படத்தில் இருப்பவர் அந்தக் குதிப்பில் கீழே இறங்கும்போது தோள் எலும்பை உடைத்துக்கொண்டார். வண்டி இரண்டாவது சுற்றோடு நின்றது. அடுத்த வருடம் டீமையே கலைத்துவிட்டோம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

"பச்சையா? வயசான மனுசன், மறந்துட்டாப்பல" என்றார் இவர். "சாமி குடுத்ததை மாத்த முடியுமா?"

தோள் எலும்பு விஷயத்தை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

இவ்வளவு நாளும் என் பாடு என்ன என்று யாராவது கேட்க வேண்டுமே. காலையில் பஸ்ஸுக்கு ஓட்டம். சாயங்காலம் வந்தால், மணியன் இன்ஜினுக்கு அடியில் படுத்திருப்பான், இவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார், வண்டிமேல் உட்கார்ந்து சொன்னபோது ஆக்ஸிலேட்டரை முறுக்கி, சொன்னபோது கியரை அமுக்கி, முற்றத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகர்த்துவது நான். ஜாவாவில் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாறும். அமுக்கினால் முதல் கியர், தூக்கினால் மற்றது. சேலத்தில் டிரெயினிங் படித்த காலத்தில் நான் சைக்கிளில் போய் வந்தவள். இதில் பெரிய வித்தை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆடி முடிகிறபோது சிவப்புக் கோடு பதினொன்று ஆகியிருந்தது. ஆவணி முதல் வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஆய்வு. தண்டாயுதபாணி என்னைக் கூப்பிட்டு, ஒரு பைலைத் தட்டிக் காட்டினார்.

"எல்லாம் எழுதித் தயாரா வெச்சிருக்கறனுங்க டீச்சர். அன்னிக்கும் நீங்க லேட்டுன்னா, அதிகாரி கையிலயே குடுத்துருவேன். அப்பறம் மலைதானுங்க."

வீட்டில் சொன்னேன். நாற்பது பிள்ளைகள், அதில் பாதிப் பேர் இப்போதுதான் எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது என்றும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், அது எனக்கே பிடிக்கவில்லை. அவர் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கெழமையா? அன்னிக்குத்தான் போட்டோ எடுக்க சுவாமிநாதனை வரச் சொல்லியிருக்கறேன். உனக்கு பஸ் வந்துரும் போ."

சுவாமிநாதன் திருச்செங்கோட்டில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். பழைய படத்தைப் போலவே புதுப்படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது திட்டம். கிணறு வெட்டிய மண்ணை அதற்காகவே மேடாகக் குவித்திருந்தார்கள். ஆனால் தோள் எலும்புக் கார்டுக்குப் பிறகு குதிக்கிற யோசனை கைவிடப்பட்டது. மேட்டு உச்சியில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்துக்கு அடியில் சோளத்தட்டுக் கட்டு ஒன்றை முட்டுக் கொடுத்து, ஆகாயத்தில் போவது மாதிரி எடுத்துக்கொள்வது. படத்தில் விழும் சோளத்தட்டை சுவாமிநாதன் பிரஷ்ஷால் அழித்துவிடுவார். புகை வேண்டும் என்பதற்காக இன்ஜினை மட்டும் ஓடவிடுவது.

வியாழக்கிழமை பஸ் வரவில்லை. ஒன்பது ஐந்து வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். மேட்டு மேல் வண்டி புகை விட்டுக்கொண்டு நின்றது, மணியன் அதைப் பிடித்திருந்தான், கீழே சுவாமிநாதன் கேமராவோடு தயாராக இருந்தார். இவர் ரிக் ஆளிடம் வாங்கிய பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரே ஒரு நாளைக்கு. மட்கார்டு மேல உக்காந்துகூட வாரனுங்க."

"ராத்திரி மழை பேஞ்சு வழியெல்லாம் சேறு. டயரைக் கழுவி வெச்சிருக்கறேன் புள்ள."

"பந்தயத்துல இது சேத்துல ஓடுன வண்டிதானுங்களே."

"அது அப்ப. இப்ப இது அச்சு அசல்" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட் எடுக்க வீட்டுக்குள் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையெல்லாம் அன்று சொன்னதோடு தீர்ந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகினேன், சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில் கம்பியில் மாட்டினேன், மேட்டில் ஏறி உட்கார்ந்தேன். மணியன் கையை எடுத்துவிட்டு விலகினான். கியரை அமுக்கி முறுக்கினேன். சோளத்தட்டு எந்தப் பக்கம் பறந்ததோ தெரியாது. முன் சக்கரம் ஒரு அடி உயரத்துக்கு மண்ணை விட்டு எழும்பியது என்று மணியன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். நான் கண்ணை மூடியிருந்தேன். சுவாமிநாதன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததில் படம் எடுக்க மறந்துவிட்டார்.

ஆறு கிலோமீட்டரில் இரண்டு முறை விழப் பார்த்தேன், ஒரு முறை விழுந்தேன். மறுபடியும் உதைத்துக் கிளப்புவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்றபோது முழங்கை சிராய்த்திருந்தது, சேலை முழுக்கச் சேறு. மணி ஒன்பது இருபத்தேழு. அதிகாரி இன்னும் வரவில்லை. தண்டாயுதபாணி பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊட்டுக்காரர் கொண்டாந்து உட்டாருங்களா?" என்றார்.

"இல்லீங்க. நானே வந்தேன்" என்று கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் நீல மை.

என் வீட்டுக்காரர் மத்தியானம் வந்து சேர்ந்தார், அந்தப் பூட்ஸோடு நடந்தே. ஆய்வு நடந்துகொண்டிருந்ததால் உள்ளே வரவில்லை. பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் பிடித்து, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து வண்டியைக் கழுவினார். நாலரை மணிக்கு நான் வெளியே வந்தபோது, ஓட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகச் சீட்டின் மேல் துண்டை விரித்திருந்தார். என் முழங்கை அவர் கண்ணில் படவில்லை.

"டேங்க்ல கீறல் உழுந்துருச்சு பாரு" என்றார். "சரி உடு. நான் வண்டியை ஓட்டிட்டுப் போறேன். நீ பஸ்ல வந்துரு."

துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தூக்கை ஹேண்டிலில் மாட்டினேன். ஏறி உட்கார்ந்து உதைத்தேன்.

"அப்ப நானு?" என்றார்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். கம்பி இல்லை, மெத்தை இல்லை, மட்கார்டு மட்டும் அச்சு அசலாக இருந்தது.

"பஸ் வந்துருமுங்க" என்றேன்.

வாய்க்கால் பாலம் தாண்டும்போது, அந்தப் பூட்ஸோடு அவர் தனியாக நிற்பதை நினைத்துக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. வண்டியை நிறுத்துகிற அளவுக்கு இல்லை.