பதினோராம் பக்கம்

சிறையில் எங்கள் பிளாக்கில் பாடப்புத்தகம் கிடையாது. ஒவ்வொருவரும் தன் குற்றப்பத்திரிகையில்தான் படிக்கக் கற்றார்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலைக்கு வைத்துப் படுக்கும் கட்டு. அதை வைத்தே படிக்கச் சொல்லித்தரும் முறையைக் கொண்டுவந்தவன் நான். நானும் விசாரணைக் கைதிதான். படித்தவன் என்பதால் வாத்தியார் ஆக்கினார்கள். திருவள்ளூர் கோயில் தெருக்காரன் என்பதால் எல்லோருக்கும் நான் சாமி.

எட்வர்டுக்கு ஐம்பத்தாறு வயது. என்னைவிட இருபது மூத்தவர். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் லோடுமேன். மருமகன் அன்புசெல்வனைக் கம்பியால் அடித்தார். அவன் செத்தான். பார்த்தது மகள் பிரின்சி மட்டும்.

குற்றப்பத்திரிகை கைக்கு வந்த அன்றே அந்தக் கட்டை என்னிடம் நீட்டினார்.

“சாமி, என் பொண்ணு இதுல எதுனா சொல்லிகீதா பாரு.”

புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் பிரின்சியின் வாக்குமூலம் தொடங்கியது. அந்தப் பக்கத்தின் அடிவரி: ‘என் அப்பா எட்வர்ட் இரும்புக் கம்பியால் என் கணவர் தலையில் அடித்தார்.’ கட்டை மூடினேன்.

“இல்லை. உங்க பொண்ணு பேரே இல்லை.”

அவர் கட்டை வாங்கித் தலைமாட்டில் வைத்தார். நல்லது செய்ததாக நினைத்தேன்.

பார்க்க ஆள் வந்தால் சனிக்கிழமைகளில் வார்டர் மனுவுக்குக் கூப்பிடுவார். “எட்வர்ட், மனு!” புதுவாயலிலிருந்து பிரின்சி பார்க்க வந்திருப்பாள். அவர் எழுந்திருக்க மாட்டார்.

“ஒடம்பு சரியில்லன்னு சொல்லு சார்.”

மகள் முகத்தில் விழிக்க வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். எட்டு மாதம் வந்தாள். பிறகு வரவில்லை.

ஒரு வருடத்தில் எட்வர்ட் எழுத்துக் கூட்டிப் படித்தார். முதல் பக்கத்திலிருந்து, ஒரு சொல் விடாமல். பத்தாம் பக்கம் முடிந்ததும் நான் செய்தித்தாளை எடுத்து நீட்டினேன்.

“மத்தவன் ஊட்டு சண்டை எனக்கு எதுக்கு? பேஜார் பண்ணாத சாமி.”

“நைனா கலெக்டர் ஆவாம வுடாது,” என்றான் பக்கத்தில் இருந்த லோகு. நாற்பது வயது. போன மாதம்தான் அவன் கட்டையும் நான் படித்துச் சொல்லியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை, நாஷ்டா முடிந்ததும், எட்வர்ட் பதினோராம் பக்கத்தில் விரல் வைத்தார்.

“பி… ரி… பிரின்சி.”

விரல் நின்றது. என்னைப் பார்த்தார். கட்டை வாங்கக் கை நீட்டினேன். தட்டிவிட்டார். வரி வரியாக இறங்கினார். அடிவரிக்கு வந்தார். நான் நிறுத்திய இடம்.

அவர் நிறுத்தவில்லை. எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

“அப்… போது என் கணவர் என் கழுத்தை நெ… நெரித்துக்கொண்டிருந்தார். அப்பா வரவில்லை என்றால் நான் செத்திருப்பேன்.”

இரண்டு வரி. கால் மணி நேரம் ஆனது. எனக்கு அந்த வரிகள் தெரியாது. நான் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

எட்வர்ட் விரலை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

“பாத்தத அப்டியே சொல்லும்மான்னு நான்தான் சொன்னேன் சாமி. ஜீப்ல ஏறும்போது. நீ பேரே இல்லன்ன. அது வாயத் தொறக்கல, என்ன வுட்டுட்ச்சின்னு நெனச்சேன். எட்டு மாசம் கேட்டாண்ட நிக்க வெச்சேன் அத.”

“உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்…”

“எனக்குப் படிக்கத் தெரியலன்னு உன்கிட்ட குடுத்தேன். நீ கண்ண மூடிக்கினியே.”

லோகு எழுந்து போனான். தன் கட்டைக் கொண்டுவந்து எட்வர்டின் மடியில் வைத்தான்.

“எனுதையும் நீ படி நைனா. மொதல்லேர்ந்து.”

“இரு,” என்றார் எட்வர்ட். என் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் நீட்டினார். “ஒரு போஸ்ட் கார்டு குடு.”

கொடுத்தேன். குனிந்து உட்கார்ந்து எழுதினார். மதியம் வரை எழுதினார். எந்த எழுத்தையும் என்னிடம் கேட்கவில்லை.

சனிக்கிழமை தலைக்குக் குளித்து, சட்டை மாற்றி, கம்பிக் கதவருகே நின்றார். வார்டர் ஆறு பெயர் படித்தார். அதில் எட்வர்ட் இல்லை.

“கார்டு போய்ச் சேர நாளாவும் நைனா,” என்றான் லோகு.

எட்வர்ட் திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றி, மடித்து, அடுத்த சனிக்கிழமைக்கு வைத்தார். லோகுவின் கட்டைப் பிரித்து முதல் எழுத்தில் விரல் வைத்தார்.