சுண்டுவிரல் அளவுத் துளை

கடல் சரியில்லை, தீவுக்குத் திரும்பும் கப்பல் இன்றைக்கும் கிளம்பாது என்று ஹேடோ துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். கப்பலில் இரண்டு நாள் தள்ளியிருக்கும் தெற்குத் தீவின் கேம்பல் பேயில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஈஸ்வரன், வாங்கிய டயர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து மூன்றாவது நாளாக அதே சர்க்கரைப்பாகு டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஊரிலிருந்து மனைவி வைஜெயந்தி போன் செய்தாள்.

"டவர் இருக்கும்போதே சொல்லிருங்க. ஏர் ஃபில்டர் பாக்ஸ்ல எந்தப் பக்கம் ஓட்டை போடணும்?"

அவன் டீயைக் கீழே வைத்தான்.

வைஜெயந்தி அரசு சுகாதாரப் பணியாளர். தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு குடியிருப்பு குடியிருப்பாகப் பைக்கில் போகிறவள். போன வியாழக்கிழமை முதல் மேட்டுக் குடியிருப்பும் அவள் பொறுப்பு. அங்கே போகிற ஏற்றத்தில் வண்டி பாதியிலேயே மூச்சு வாங்கியது. இரண்டு முறை இறங்கித் தள்ளியிருக்கிறாள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், ஆபீஸில் உட்கார வேறு வேலை இருக்கிறது என்று மேலதிகாரி தேனொழுகச் சொல்லிவிட்டார். அவளை நாற்காலியில் உட்கார வைப்பதும் ஜெயிலில் வைப்பதும் ஒன்றுதான்.

"குல்வந்த் அங்கிள் டிரில்லோட வந்து நிக்கிறாரு. நாலு ஓட்டை போட்டா காத்து நல்லா போயி வண்டி பிச்சுக்கிட்டுப் போகுமாம்."

குல்வந்த் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ராணுவக்காரர். "ஹோ ஜாயேகா, பேட்டி", எல்லாம் ஆகிவிடும் மகளே என்று அவர் தைரியம் சொல்வது போனில் கேட்டது. அந்த மனிதருக்கு எதிலும் சந்தேகமே வந்ததில்லை. அவர் சொல்வதும் முழுக்கத் தப்பில்லை, காற்று கூடினால் இழுவை கூடும். ஆனால் இந்தத் தீவு மழையில் ஓட்டை போட்ட பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால், ஆளில்லாத ஏற்றத்தின் நடுவே வண்டி படுத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று ஈஸ்வரனுக்கு மட்டுமே தெரியும். அடைப்பு அந்தப் பெட்டியில் இல்லவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மழையில் சறுக்கி விழுந்து அவளுக்குத் தோள் எலும்பு உடைந்தது. ஹெலிகாப்டரில் அவளை இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அவனுக்கு இடமில்லை. கப்பல் பிடித்து அவன் வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. நடுக்கடலில் டவர் கிடையாது. அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் டெக்கில் நின்ற அந்த நேரத்தை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் குணமாகி வந்ததும் செய்த முதல் காரியம், வண்டியின் மூச்சை இறுக்கியதுதான்.

"வைஜி, டிரில்லக் கீழ வைக்கச் சொல்லு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடு. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ரெண்டு போல்ட்டு இருக்கும். கழட்டு."

"அங்க என்ன?"

"ஒரு ஓட்டைத் தகடு இருக்கு. வேகம் கூடாம இருக்க நாந்தான் போட்டேன்."

ஸ்பேனர் உரசும் சத்தம் வந்தது. பிறகு தகடு கழன்று வரும் சத்தம்.

"சுண்டுவிரல்தான் நுழையுது இந்த ஓட்டையில" என்றாள். "எத்தனை நாளா இது?"

"நீ விழுந்ததுலருந்து."

"நாந்தான் குண்டாயிட்டேன்னு நெனச்சேன். அதான் வண்டி இழுக்கலைன்னு."

இந்த இரண்டு வருடமாக அவள் ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் இருக்கிற டயட் என்று சொல்லியிருந்தாள். மெலிந்துவிட்டாய், நன்றாக இருக்கிறது என்று அவன் வேறு மெச்சியிருக்கிறான். இப்போது அதை நினைத்ததும் ஈஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. டயர் கட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பயமா இருந்துச்சுன்னா வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா மெதுவா போயிருப்பியா?"

"போயிருக்க மாட்டேன்" என்றாள் வைஜெயந்தி. "ஆனா சோறு சாப்பிட்டிருப்பேன்."

"தகட்ட எடுத்துட்டு மாட்டும்போது ரப்பர் ரிங்கு சரியா உக்காரணும். இல்லேன்னா காத்து கசியும்" என்று மட்டும் சொன்னான்.

தகடில்லாமல் அவள் திரும்ப மாட்டினாள். கிக்கரை உதைத்தாள். மூன்றாவது உதையில் வண்டி எடுத்த சத்தத்தில் அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப்பிடித்தான். இரண்டு வருடமாக அவன் கேட்காத சத்தம்.

"ஏத்தத்துல போயிப் பாத்துட்டு மேல இருந்து கூப்பிடுறேன்" என்றாள். கோபமா, இல்லையா என்று குரலில் தெரியவில்லை. "மழை வேற பிடிக்குது."

"வைஜி..."

அவள் போனை வைத்துவிட்டாள். ஏற்றத்தின் அடிக்குப் போகப் பத்து நிமிடம். அதன்பின் வளைவுகள். ஈஸ்வரன் போனை இடது கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான். சுமை தூக்குகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவனுடைய வலது கை வெறும் காற்றைப் பிடித்து, வளைவுக்கு வளைவு, கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தது.