எண்கள் வந்தபோது நின்ற குரல்

மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து உடனுக்குடன் தமிழில் சொல்கிறவர்களை ஆராய்வதாக இளவரசு கிளம்பிவிட்டான். ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. குரலைப் பதியலாமா என்றால், கூட்டம் நடத்துகிறவர் ரகசியம் என்பார். மொழிபெயர்க்கிறவர், தப்பைப் பிடிக்க வந்தாயா என்பதுபோல் பார்ப்பார். இவ்வளவு கெஞ்சலை மீன் சந்தையில் கெஞ்சியிருந்தால் வஞ்சிரமே படிந்திருக்கும். கடைசியில் சம்மதித்தவள் இலக்கியா ஒருத்திதான்.

அதுதான் சிக்கல். சில வருடங்கள் இருவரும் ஒரே கண்ணாடி அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் இருந்தவர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர், காதில் விழும் எண்களைத் தாளில் எழுதி நகர்த்த வேண்டும். அந்தத் தொழிலில் அது வழக்கம். ஆராய்ச்சிக்கென்று அவன் சிதம்பரம் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, அவளிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே வந்துவிட்டான்.

கடலூரில் நடந்த மீன்வளக் கூட்டத்தில் பேச்சாளர் எண்களாக அடுக்கினார். அறைக்குள் இலக்கியாவின் புதுத் துணை போனில் மூழ்கியிருந்தாள். இலக்கியாவின் குரல் சட்டென்று நின்றது. வெளியே பதிவுக் கருவியோடு இருந்த இளவரசுக்குக் கை துறுதுறுத்தது. ஆராய்கிறவன் உள்ளே போகக் கூடாது, போகவில்லை.

மறுநாள் சிதம்பரத்தில், தன் அலுவலறையில், இலக்கியாவை எதிரே உட்காரவைத்து, பதிவை ஓடவிட்டு அந்த மௌனத்தில் நிறுத்தினான். முறைப்படி ஒரே கேள்விதான், பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது.

“இந்த எடத்துல என்ன நெனச்சீங்க?”

“சோர்வுன்னு போட்டுக்குங்க, ஆராய்ச்சி சார். ஒங்க ஆளுங்களுக்கு அதான் புடிக்கும்.”

“நெசமா?”

அந்த ஒரு சொல்லில் முறை உடைந்துபோயிற்று. அவள் கருவியையே பார்த்தாள்.

“தாளுக்குக் கைய நீட்டிட்டேன். பக்கத்துல நீங்க இல்லன்னு அப்பதான் ஒறச்சுது.”

அவன் அட்டவணையில் சோர்வுக்கு இடமிருந்தது, வேகத்துக்கு இடமிருந்தது, இதற்கு இல்லை. எழுதினால், உங்களுக்குள் என்ன உறவு என்று கேட்டு மதிப்பிடுகிறவர்கள் ஆய்வையே தள்ளிவிடுவார்கள். சோர்வு என்று எழுதினால் பொய். இரண்டு பக்கமும் நஷ்டமான பேரம். அவன் கருவியை அணைத்தான்.

“ஆராய்ச்சிக்கு இது வேணாம் இலக்கியா. வேற ஆளத் தேடிக்கிறேன். இந்தப் பதிவ நான் வெச்சுக்கட்டுமா?”

அவள் கருவியை மறுபடி ஓடவிட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த மௌனத்தைத் தானே ஒருமுறை கேட்டாள். கழற்றி வைத்துவிட்டு, கடலூருக்குத் திரும்ப இப்போது பஸ் இருக்குமா என்று விசாரித்தாள்.

நினைத்த நேரத்தில் கடலூருக்குப் பஸ் உள்ள ஊர் அது. இப்போதைக்கு இல்லை என்றான்.

தெரிந்தும் அவள் நம்பிக்கொண்டாள்.