கியர் ஆயில் மாற்றிய சனிக்கிழமை

அணு உலைக்குப் பக்கத்திலேயே இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த மனுஷர் ஒரு காரின் கியர்பாக்ஸைக் கண்டு பயந்தார் என்றால் யார் நம்புவார்கள்? திருநாவுக்கரசு பயந்தார். அதுவும் சொந்தப் பெண்டாட்டியின் காருக்கு.

அவர் மனைவி சகுந்தலாவுக்குச் சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போய்விட்டது. கிளட்ச் மிதிக்க வழியில்லை. அதனால்தான் இந்த ஆட்டோமேட்டிக் கார். இது வந்த பிறகுதான் அவள் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து செங்கல்பட்டு வங்கி வேலைக்கு யார் தயவும் இல்லாமல் போய்வந்தாள். அதற்கு முன்பெல்லாம் ஷேர் ஆட்டோ, பக்கத்து வீட்டு வண்டி, "இன்னிக்கு நான் லேட்டாகும் மேடம்" என்கிற பதில்கள். இப்போது காருக்கு வயதாகிவிட்டது. புதுசு வாங்கலாம் என்றால், மகன் ஆதித்யாவின் படிப்புக் கடன் அடைகிற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. இது நின்றால் அவள் கால் நின்ற மாதிரிதான்.

இது தெரிந்ததால் அந்தக் காரைத் திருநாவுக்கரசு கண்ணுக்குள் வைத்துக் காத்தார். இன்ஜின் ஆயில், பிரேக், டயர் காற்று, எதிலும் ஒரு குறை வைத்ததில்லை. கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் மாற்றவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தைக் கிளறாதே என்பது அவர் வேலையில் சேர்ந்த முதல் வாரம் கற்ற பாடம். போதாக்குறைக்கு, உடன் வேலை பார்த்த கோபாலகிருஷ்ணன் தன் பழைய ஆட்டோமேட்டிக்குக்கு ஆயில் மாற்றினார். அடுத்த வாரமே வண்டி வாசலில் உட்கார்ந்துவிட்டது. "பழைய அழுக்குதான்யா அதைப் பிடிச்சு வச்சிருந்தது" என்று அவர் கேன்டீனில் ஒப்பாரி வைத்தது இவர் மனதில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது.

ஆகவே ஞாயிறுதோறும் பானெட்டைத் திறந்து, கியர் ஆயிலின் அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பார். கோடு வரைக்கும் இருக்கும். "பேஷ்" என்று சொருகிவிடுவார். நிறத்தைப் பார்க்கமாட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று இந்தப் பூனை மனதார நம்பியது.

ஓட்டுகிறவளுக்குத் தெரியாதா? கொஞ்ச நாளாகவே கியரை டிரைவில் போட்டால் கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. வெள்ளிக்கிழமை மாலை செங்கல்பட்டு மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் காட்டுக்கத்தல் கத்தியதே தவிர, வண்டி ஏறவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கியபடி நின்றான். எப்படியோ உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை காபி டம்ளரைக் கவிழ்த்துவிட்டுச் சாவியை எடுத்தாள்.

"ஏறுங்க. துரை கடைக்குப் போறோம்."

"எதுக்கு இப்ப?"

"ஏறுங்கன்னேன்."

துரையின் ஒர்க்‌ஷாப் செங்கல்பட்டு மேம்பாலத்துக்குப் பக்கத்தில். அவன் இன்ஜினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, அதன்பிறகு குச்சியை உருவினான். எண்ணெய் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது.

"அதெப்படி? போன ஞாயிறுகூட ஃபுல்லா இருந்துச்சே" என்றார் திருநாவுக்கரசு.

"ஆஃப் பண்ணிட்டுப் பாத்தீங்களா சார்? இது இஞ்சினு ஓடச்சொல்லோ, சூடு ஏறினப்புறம் பாக்கணும். இல்லாங்காட்டி ரொம்பிகினு கீற மாரிதான் தெரியும். எனக்கே ஒரு வண்டிய கெடுத்தப்புறம்தான் தெரிஞ்சுது, வுடுங்க."

துரை எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுவைத்தான். மாதுளைச் சாறு நிறத்தில் இருக்கவேண்டியது டிகாஷனாக இருந்தது. மோந்து பார்த்தான். விரலில் தேய்த்துப் பார்த்தான்.

"கருகின வாசன லேசாத்தான் கீது. இரும்புப் பொடி இல்ல. ஆனா லேட்டு சார். நாப்பதாயிரம், அம்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்திகினு வந்துருந்தா பயமே இல்ல. நீங்க லட்சத்தத் தாண்டி வந்துகீறீங்க. இப்ப மாத்தினா நல்லாவும் ஓடலாம், படுத்துக்கவும் செய்யலாம். நா கேரண்டி குடுக்க மாட்டேன். அப்பால துரைதான் கெடுத்தான்னு சொல்லக்கூடாது. சார் இன்னா சொல்றீங்க?"

"வேண்டாம்பா. குறைஞ்சதை மட்டும் ஊத்து. ஓடற வரைக்கும் ஓடட்டும்."

"என் வண்டி. என்னைக் கேளு துரை" என்றாள் சகுந்தலா. அப்புறம் கணவர் பக்கம் திரும்பினாள். "எதுக்குங்க இப்படிப் பயப்படறீங்க?"

திருநாவுக்கரசு தரையில் சிந்திய கிரீஸைப் பார்த்தபடி சொன்னார். "இது நின்னுட்டா நீ வீட்டோட உக்காந்துடுவ சகு. என்னால அதைப் பார்க்க முடியாது."

ஆனாலும் சகுந்தலா விடவில்லை. "நேத்து பாலத்துல பின்னாடி லாரி நின்னுச்சே, அவனுக்கு பிரேக் பிடிக்கலைன்னா? ஆயில் மாத்தி வண்டி நின்னா என் தலையெழுத்துன்னு உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன். மாத்தாம நின்னா உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன். துரை, நீ ஊத்து."

துரை கியர்பாக்ஸை மெஷின் வைத்துக் கழுவவில்லை. அடியில் போல்ட்டைக் கழற்றித் தானாக வடிந்ததை வடியவிட்டு, ஃபில்டரை மாற்றி, புது எண்ணெயை அளவு பார்த்துப் பார்த்து ஊற்றினான். மிச்சப் பழசை அடுத்த மாதம் வடிக்கலாம், எல்லாவற்றையும் ஒரேயடியாக உருவினால் கிழட்டு கியர்பாக்ஸ் தாங்காது என்றான். திருநாவுக்கரசு அடியில் கறுப்பாக வழிந்ததைப் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"மேம்பாலம் ஏறி இறங்கி வாங்கம்மா. அங்க தெரிஞ்சுரும்" என்றான் துரை.

திருநாவுக்கரசு கதவைத் திறக்கப் போனார். "நீங்க இங்கயே இருங்க" என்றாள் சகுந்தலா. "நீங்க பக்கத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா எனக்கு வண்டிச் சத்தம் கேக்காது."

கார் போயிற்று. பத்து நிமிஷத்து வேலை. அரை மணியாயிற்று. போன் அடித்தார்; எடுக்கவில்லை. கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்டுவிட்டது என்று முடிவுகட்டி, உச்சி வெயிலில் மேம்பாலத்தின் மேலேயே நடந்து போனார். பாலத்தின் உச்சியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். நின்றுபோன கார் எதுவும் இல்லை. அப்படியானால் அவள் எங்கே? திரும்பி வந்து துரையின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

போன் அடித்தது.

"எங்கடி இருக்க? வண்டி எங்க நின்னுச்சு?"

"நிக்கவே இல்லைங்க. பாலத்துல வெண்ணெய் மாதிரி ஏறுச்சு. அப்படியே திருக்கழுக்குன்றம் வந்துச்சு. திரும்பவே மனசு வரலை. மாமல்லபுரம் வந்துட்டேன். கடலுக்கு எதிர நிறுத்திட்டு, வஞ்சிரம் வறுவல் சொல்லியிருக்கேன்."

"நீ... தனியாவா?"

"பின்ன? பஸ்ஸைப் பிடிச்சு வாங்க. வெயில்ல ஓடாதீங்க. நான் இருக்கேன்."

திட்டுவதற்கு வாயெடுத்தார். கண்தான் நிறைந்தது. "இன்னா சார், படுத்துக்கிச்சா?" என்று துரை பதறிப்போய்க் கேட்க, அவன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பஸ் நிலையத்துக்குக் கிளம்பினார்.

"மாமல்லபுரம் ஒண்ணு குடுப்பா" என்றவர், கண்டக்டர் கேட்காமலே சேர்த்துக்கொண்டார். "என் வீட்டுக்காரம்மா கார்ல போயிருக்காங்க."

"அப்ப நீங்க இன்னாத்துக்கு சார் பஸ்ல வரீங்க?"

"என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கப்பா!" என்றார் திருநாவுக்கரசு, பிரமோஷன் வந்த சேதியைச் சொல்கிறவர் போல, பஸ் முழுக்கக் கேட்கும்படி.