நடு சீட்

டிக்கெட் எடுக்க வந்தவன் என் முன்னாள் கணவன். அம்மா பேச்சைக் கேட்டு என்னைத் தள்ளிவைத்தவன், இப்போது புது மனைவியோடு தேனிலவுக்குப் போகிறான். கூடவே அம்மாவும்!

"எவ்வளவு நேரமாகும்?"

ஏழாயிரம் கிலோமீட்டர். நேராகப் போனால் ஒன்பது மணி நேரம். அதில் இடமும் இருந்தது.

"நேரா போற விமானத்துல இடமில்லைங்க. ரெண்டு ஊர்ல மாறணும், முப்பத்தொரு மணி நேரம்," என்றேன் கூசாமல்.

அவன் முகம் சுண்டிப்போனது. "சரி, எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல போடு."

"அப்ப அத்தை? ஓரத்துல உட்கார்ந்தா அவங்களுக்குப் பயமாச்சே. நடுவுல போட்டுடறேன்."

பின்னாலிருந்து அத்தை முதல்முறையாக என் பேச்சை ஆமோதித்தாள். "அவ சொல்றதுதான்டா சரி."

மூன்று விமானத்திலும் அப்படியே போட்டேன்.